ஓடிப்போன சஞ்சிக்கூலிகள்
சிலாங்கூர் தோட்டக் கதை – 9

சென்ற வாரம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய சஞ்சிக்கூலி ஒருவரைப் பினாங்கில் இறக்கி, சிலாங்கூர்த் தோட்டம் வரை கொண்டுவந்து சேர்த்தோம். இந்த வாரம் அந்த ஆள் தோட்டத்தை விட்டு ஓடுகிறார்.

ஓடுவது அன்று குற்றம். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நிற்கிறவரை இன்று முதலாளி திட்டலாம், நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேட்கலாம். போலீஸ் வந்து விலங்கு மாட்டாது. சஞ்சியில், அதாவது பயணக் கடனுக்காக ஒப்பந்தத்தில் கட்டுண்டு, வந்த கூலிக்கு அந்தச் சலுகை கிடையாது. தோட்டத்தை விட்டுப் போனால் துரை புகார் கொடுப்பார், வாரண்டு பிறக்கும், பிடித்து வந்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அபராதம், கட்ட முடியாவிட்டால் சிறை. சிறையிலிருந்து வெளியே வந்தால் வீடு இல்லை, மறுபடி அதே தோட்டம். ஓடித் திரிந்த நாள்களும் சிறையில் இருந்த நாள்களும் சஞ்சிக் காலத்தின் வாலில் சேரும். மூன்று ஆண்டு என்று கைநாட்டு வைத்தவர் மூன்றாம் ஆண்டின் முடிவில் விடுபடுவார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இவர்களை அடிமைகள் என்று சொல்லலாமா? சந்தையில் நிறுத்தி விற்கவில்லை. பிள்ளைகள் முதலாளியின் சொத்தாகவில்லை. காகிதத்தில் ஒரு கடைசித் தேதி இருந்தது. இந்த வித்தியாசங்கள் பெரியவை, மறைக்கக் கூடாதவை. ஆனால் கடனைக் கட்டாமல் வெளியேற முடியாது, வெளியேறினால் சிறை என்ற இரண்டும் சேர்ந்துவிட்டால், மற்ற வித்தியாசங்கள் கூலி வரிசை வீடான லயத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியவா போகின்றன? 1840இலேயே பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபு, இந்தியக் கூலி ஏற்றுமதி புதியதோர் அடிமை முறையாக முடியலாம் என்று அஞ்சினார். அவர் அஞ்சியதற்குப் பிறகும் கப்பல்கள் 70 ஆண்டு ஓடின.

முதல் ஓட்டம் தஞ்சாவூரில்

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 1833இல். அது நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. மேற்கிந்தியத் தீவுகளிலும் மொரிஷியசிலும் கரும்புத் தோட்டத்து அடிமைகள் படிப்படியாக விடுதலை ஆனார்கள். ஆனால் அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளைத் தொடவில்லை. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் வந்தது 1843இல். அடிமையாக வைத்திருப்பதே குற்றம் என்றானது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான்.

சட்டம் வந்தது தெரியும். காவிரிக் கழனியில் அது எவ்வளவு தூரம் நடந்தது? பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். அப்பன் வாங்கிய கடன் பிள்ளை தலையில் விழுந்தது. மிராசுதாரரை விட்டுப் போனால் அடுத்த ஊரில் ஒரு மிராசுதாரர். அவரும் முதலாமவரும் சம்பந்திகள். ஊருக்குள் ஓட இடமில்லாதவர்களுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் ஒரு கதவாக இருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் தாத்தாமார் சொல்லும் 1876–78 பஞ்சம் அந்தக் கதவை அகலத் திறந்தது. கப்பலேறியவர்களில் பெரும்பகுதி நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியினர். உழ ஆளில்லாமல் போகிறது, குடிபெயர்வைத் தடுக்க வேண்டும் என்று மிராசுதாரர்கள் சர்க்காரிடம் முறையிட்டார்கள் என்பதே, போனவர்கள் எதிலிருந்து போனார்கள் என்பதற்குச் சாட்சி.

ஆகவே மலாயாவுக்கு வந்து சேர்ந்தவரை ஏமாந்து வந்தவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. பலர் ஏமாற்றப்பட்டார்கள், உண்மை. ஆனால் ஒரு கட்டிலிருந்து தப்பிக்கும் துணிச்சலோடு வந்தவர்களும் அதே கப்பலில் இருந்தார்கள். ஒருமுறை ஓடத் துணிந்தவர் இன்னொரு முறையும் ஓடுவார் என்பதைத் துரைமார் கணக்கில் எடுக்கவில்லை.

பேராக்கில் கிடைத்த அடைக்கலம்

நம் ஆட்கள் வந்து இறங்கிய மண்ணிலும் அடிமை முறை இருந்தது. மலாய் மாநிலங்களில் கடன் அடிமை முறை வேரூன்றியிருந்தது. தலைவரிடம் கடன் பட்டவர் கடன் தீரும்வரை அவருக்கு உழைக்க வேண்டும். உழைப்பு கடனில் கழியாது. மனைவி மக்களும் அந்தக் கடனுக்குள் அடக்கம்.

1874இல் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்தவர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச். அதற்கு முன் பல ஆண்டுகள் இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். தலைவர்களின் வீடுகளிலிருந்து ஓடிவந்த கடன் அடிமைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அவர் அடைக்கலம் கொடுத்தார். தலைவர்கள் பார்வையில் இது சொத்தைத் திருடுவது. வரி வசூல் உரிமையையும் அவர்கள் கையிலிருந்து அவர் பறிக்க, கோபம் முற்றியது. 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில், ஆற்றோரக் குளியலறையில் இருந்தபோது பிர்ச் கொல்லப்பட்டார். மலேசிய வரலாற்றில், அந்தக் கொலைக்குப் பின்னிருந்த தலைவர் மகாராஜா லேலாவின் பெயர் காலனி எதிர்ப்பின் பெயராக நிலைத்தது. அது சரியும்கூட. ஆனால் அந்தக் கதையின் ஓரத்தில், யாருடைய பெயரும் பதிவாகாமல், இரவில் ஆற்றைக் கடந்து ஓடிவந்த பெண்கள் சிலர் நிற்கிறார்கள்.

பிர்ச்சின் அவசரத்தைப் பிறகு ரெசிடென்டாக வந்த ஹியூ லோ காட்டவில்லை. தலைவர்களோடு பேசி, ஈடு கொடுத்து, படிப்படியாகச் சென்றார். 1883 டிசம்பர் இறுதியோடு பேராக்கில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது.

தேதியைக் கவனியுங்கள். 1883 இறுதியில் மலாய்த் தலைவரின் கடன் அடிமை விடுதலை ஆகிறார். அடுத்த ஆண்டே, 1884இல், பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் குடியேற்றச் சட்டம் வருகிறது. பயணக் கடனோடு வருகிற தமிழ்க் கூலியை ஒப்பந்தத்தால் கட்டி, மீறினால் தண்டிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்ட மலாய் மாநிலங்களும் அந்த வழியில் சென்றன. கடனுக்காக மனிதரைக் கட்டிப்போடுவது அநாகரிகம் என்று மலாய்த் தலைவர்களுக்குப் பாடம் நடத்திய அதே நிர்வாகம், காகிதமும் முத்திரையும் இருந்தால் அது நாகரிகம் என்று கண்டுகொண்டது.

பெரட்டுக் களத்தில்

விடியுமுன் மணி அடிக்கும், அல்லது கொம்பு ஊதும். லயத்திலிருந்து ஆட்கள் வந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பார்கள். அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். குரல் வந்தால் ஒரு குறி. வராவிட்டால் வேறொரு குறி. மாலையில் நிரைவேலை முடியவில்லை என்று மண்டோர் சொன்னால் முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடும். அந்த நாளுக்குப் பாதிக் கூலி. மாதக் கடைசியில் அரிசிக்கும் பயணக் கடனுக்கும் பிடித்தது போக, கையில் விழும் காசு அநேகமாகக் கள்ளுக்கடை வரை தாங்கும்.

கூப்பிட்ட பெயருக்குக் குரல் வராத காலைகளில் பெரட்டில் ஒரு சலசலப்பு இருந்திருக்கும். காய்ச்சலா, ஓட்டமா? முதலில் கூலிக் கூட்டத்தின் தலைவரான கங்காணி லயத்தைப் போய்ப் பார்ப்பார். சட்டியும் பாயும் இருந்தால் காய்ச்சல். சட்டியைக் காணோம் என்றால் ஓட்டம்.

காய்ச்சலும் சாதாரணமானதில்லை. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் பார்த்தது மலேரியாவில் மூழ்கிக் கிடந்த ஒரு பட்டணத்தை. அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், காய்ச்சலால் மூடப்படும் நிலைக்குப் போனது. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி வாட்சன் அதை அடக்கினார். ஆனால் குன்றுப் பகுதித் தோட்டங்களில் கதை தலைகீழ். காட்டை அழித்து ஓடைகளில் வெயில் பட்டதும், தெளிந்த ஓடும் நீரில் முட்டையிடும் வேறொரு வகைக் கொசு பெருகியது. ரப்பர் நடுவதற்காகச் செய்த வேலையே ரப்பர் நட்டவர்களைக் கொன்றது. புதிதாகத் திறந்த தோட்டத்துக்கு அனுப்பப்படுகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் ஓடினார்கள் என்றால், அது சோம்பேறித்தனத்தால் வந்த ஓட்டமில்லை. உயிர் பிழைக்க ஓடினார்கள்.

கனடா இல்லாத திசை

அடிமைகள் தப்பிய கதை என்றால் நம் பிள்ளைகளுக்கும் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காதான். ஹாரியட் டப்மன் 1849இல் மேரிலாந்திலிருந்து தப்பி, பிறகு திரும்பத் திரும்பத் தெற்கே போய், சுமார் 70 பேரைக் கூட்டிவந்தார். வழியில் கறுப்பினக் குடும்பங்களும் குவேக்கர் கிறிஸ்தவர்களும் இரவு தங்க இடம் கொடுத்தார்கள். ஓடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று 1850இல் சட்டம் இறுகிய பிறகு, அமெரிக்க வட மாநிலங்களும் பத்திரமில்லாமல் போயின. கனடா வரை போக வேண்டியதாயிற்று. தூரம் அதிகம், ஆபத்து அதிகம். ஆனால் போய்ச் சேர ஒரு திசை இருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்குக் கூலிக்கு அப்படி ஒரு திசை இல்லை. ஊருக்கும் அவருக்கும் நடுவே வங்காள விரிகுடா. கப்பலேறக் காசு வேண்டும். துறைமுகத்தில் கேள்வி வரும். சுற்றியுள்ளவை எல்லாம் தோட்டங்கள், அல்லது காடு. அப்படியானால் ஓடியவர் எங்கேதான் போனார்?

முதலில் தண்டவாளம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைப் புக்கிட் கூடா வரை 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின் மேல் பாலம் வந்து கிள்ளான் பட்டணத்தைத் தொட்டது. பாதை போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். தண்டவாளத்தைப் பிடித்து நடந்தால் வழி தவறாது. நடுவில் பத்து தீகா மாதிரி நிலையங்கள். முடிவில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு. அங்கே தமிழ் பேசுகிறவர் நடுவில் ஒரு புதுமுகம் கலந்துவிடுவது சுலபம். ரோடு வேலைக்கும் ரயில் வேலைக்கும் அரசாங்கத்துக்கே ஆள் தட்டுப்பாடு. பெயரை மாற்றிச் சொன்னால் எந்த ஏட்டில் போய்த் தேடுவார்கள்? ஊரில் சாதியைச் சொல்லியே ஆளை அடையாளம் கண்டார்கள். இங்கே அவரை அடையாளம் சொல்ல ஊரார் இல்லை.

அடுத்த வழி, பக்கத்துத் தோட்டம். இதுதான் பெரிய வழி. புதுத் தோட்டம் திறப்பவருக்கு நாகப்பட்டினம் வரை ஆள் அனுப்பி, கப்பல் கூலி கட்டி, மாதக்கணக்கில் காத்திருப்பது செலவு. அடுத்த தோட்டத்தில் காட்டுக்கும் காய்ச்சலுக்கும் பழகிய ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கங்காணி ஒருவரை அனுப்பினால் போதும். அவர் கள்ளுக்கடையில் வைத்துப் பேச்சுக் கொடுப்பார், திருவிழாக் கூட்டத்தில் சொந்தம் விசாரிப்பார், கூலி இரண்டு சென்ட் கூடுதல் என்பார், முன்பணம் காட்டுவார். ஒரு இரவில் நாலு குடும்பம் கிளம்பிவிடும்.

இந்த வலையைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆளைக் கிளப்பிக்கொண்டு போனவர் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார். போன இடத்தில் முன்பணம் புதுக் கடனாக ஏறியது. வாக்குக் கொடுத்த கூலி கிடைக்காமல் மறுபடி ஓடியவர்களும் உண்டு. அமெரிக்காவில் தப்பவைத்தவர்கள் பலர் மனசாட்சிக்காகச் செய்தார்கள். இங்கே லாபத்துக்காகச் செய்தார்கள். ஆனாலும் ஓடியவர் கையில் அது ஒரு ஆயுதம் ஆனது. துரைக்கும் துரைக்கும் இருந்த போட்டியைக் கூலி கண்டுகொண்டார். நெடுங்காலம் ஊரில் இரண்டு மிராசுதாரர்கள் தன்னைப் பற்றிப் பேசி வைத்துக்கொண்டதைப் பார்த்தவருக்கு, இரண்டு முதலாளிகள் தனக்காக மல்லுக்கட்டுவது புதிய காட்சி.

துரைமார் போட்ட கணக்கு

1844 முதல் 1910 வரை சஞ்சியில் மலாயா வந்த இந்தியர்கள் ஏறக்குறைய 250,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் கெர்னியல் சிங் சந்துவின் மதிப்பீடு. முறை ஏன் 1910இல் முடிந்தது?

வழக்கமான பதில், இந்தியத் தலைவர்களின் போராட்டம். அந்தப் போராட்டம் பெரியது. கோகலே 1910இல் நேட்டாலுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். 1912இல் முழு ஒழிப்புக்கே தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். காந்தி தென்னாப்பிரிக்காவில் கிளர்ந்தார். சி. எஃப். ஆண்ட்ரூஸ் பிஜித் தீவுக்குப் போய்க் கண்டதை எழுதினார். 1917இல் இந்திய அரசு ஒப்பந்தக் கூலி ஏற்றுமதியை நிறுத்தியது. 1920இல் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாகின. ஆனால் மலாயாவில் இதற்கெல்லாம் முன்பே, 1910இலேயே சஞ்சி ஆள் எடுப்பு நின்றுவிட்டது. இங்கே கோகலே இல்லை, காந்தி இல்லை. 1910இல் சி. டபிள்யூ. சி. பார் தலைமையில் கூலிகளின் நிலை பற்றி ஒரு விசாரணை நடந்தது. லண்டனில் இந்தியக் குடிபெயர்வு பற்றிச் சாண்டர்சன் குழு அறிக்கை கொடுத்தது. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் குழுக்கள் உட்காருமுன்பே தோட்டக்காரர்கள் வேறொரு கணக்குப் போட்டிருந்தார்கள்.

கணக்கு இதுதான். ஒரு துரை பணம் போட்டு ஆளைக் கொண்டுவருகிறார். ஆள் அடுத்த துரையிடம் ஓடிவிடுகிறார். முதல் துரைக்கு நஷ்டம், இரண்டாம் துரைக்கு இலவச ஆள். போலீசும் வாரண்டும் வைத்து இதை அடக்க முடியவில்லை. ரப்பர் விலை ஏற ஏற ஆள் தேவை ஏறியது, ஓட்டமும் ஏறியது. எனவே 1907இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைத்து ஒரு பொது நிதி தொடங்கினார்கள். இந்தியத் தொழிலாளி வேலை செய்யும் நாளைக் கணக்கிட்டு, யார் கூட்டிவந்த ஆளாக இருந்தாலும் எல்லா முதலாளியும் வரி கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து பயணச் செலவு. வந்து இறங்குகிறவர் தலையில் பயணக் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் கட்டிவைக்கும் ஒப்பந்தத்துக்கும் அவசியமில்லை.

இதை முதலாளிகளின் பெருந்தன்மை என்று அப்போதைய அறிக்கைகள் எழுதிக்கொண்டன. அந்த நிதிக்கு அடிக்கல் நாட்டியவர்கள் இரவில் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஆட்கள் என்பதே என் வாதம். சட்டத்தால் அவர்களைத் தடுக்க முடிந்திருந்தால் யாரும் பொது நிதிக்கு வரி கட்டியிருக்க மாட்டார்கள். மனுப் போடத் தெரியாதவர்கள், கூட்டம் கூட்ட முடியாதவர்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரே எதிர்ப்பை ஆயிரம் தடவை செய்தார்கள். அது கடைசியில் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாகத் தெரிந்தது.

சஞ்சி போனது, கங்காணியே ஊருக்குப் போய் ஆள் கூட்டிவரும் கங்காணி முறை தழைத்தது. புதிதாக வந்தவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்றது சட்டம். ஓடினால் சிறை என்ற பிரிவு முழுதாகப் போக 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கங்காணி ஊர்க்காரராக, உறவுக்காரராக, வட்டிக்கடைக்காரராக மூன்று வேடத்திலும் நின்றார். தன் கூட்டத்து ஆள் வேலைக்கு வந்தால்தான் அவருக்குத் தலைக்காசு. போலீஸ் செய்த வேலையைச் சொந்தபந்தம் செய்தது.

அதே பள்ளத்தாக்கு, அதே ரப்பர்

இன்றைய ஷா ஆலம் நகரம் 1963இல் உருப்பெற்றது. 1978இல் சிலாங்கூரின் தலைநகர் ஆனது. அதற்கு முன் அது சுங்கை ரெங்காம் தோட்டப்புறம். மிட்லண்ட்ஸ், ஈபோர் போன்ற தோட்டப் பெயர்கள் இப்போது தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தோட்டம் போய்த் தொழிற்சாலை வந்தது. தமிழர் நின்ற இடத்தில் இப்போது வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மியன்மார்க்காரரும் நிற்கிறார்கள்.

ஷா ஆலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாப் குளோவ், உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனம். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அதன் துணை நிறுவனங்களின் சரக்கைத் தடுத்து நிறுத்தியது. சொன்ன காரணங்களில் முதலில் நின்றது கடன் கட்டு. வேலைக்கு வர ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் தொழிலாளியின் தலையில் கடனாக நின்றது. அளவுக்கு மீறிய ஓவர்டைம், அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தது ஆகியவையும் பட்டியலில் இருந்தன. நிறுவனம் தொழிலாளர்களுக்கு 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. பயணக் கடனைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கி முதலாளி ஏற்க வேண்டும் என்ற தீர்வு 1907இலேயே இந்த மண்ணில் கண்டுபிடிக்கப்பட்டதுதான். நூறாண்டில் மறந்துபோயிற்று.

நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டம் 2007இல் வந்தது. கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் நெறிமுறையை மலேசியா 2022இல் ஏற்றுக்கொண்டது. இவற்றுக்குப் பின்னால் தனியாட்களின் போராட்டமும் உண்டு. தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனகனிதா அமைப்பை நிறுவிய ஐரீன் பெர்னாண்டஸ், குடியேறிகள் தடுப்பு முகாம்களின் நிலையை 1995இல் வெளிக்கொண்டுவந்ததற்காக நீதிமன்றப் படியேறி, தண்டனை பெற்று, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அடிதடி தாங்காமல் வெளியேறினால், முதலாளி ஓடிவிட்டார் என்று புகார் கொடுக்கிறார், அனுமதி போகிறது, ஆள் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறார். அதன் பிறகு அவரைத் தேடுவது தொழிலாளர் அலுவலகம் இல்லை, குடிநுழைவுத் துறை.

ஒரு வேலை அடிமை வேலையா என்று பார்க்கக் கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. கடனில்லாமல், காவலர் துரத்தாமல், அந்த ஆள் நாளைக் காலை வேறு வேலைக்குப் போக முடியுமா என்று கேட்க வேண்டும். 1884இல் சிலாங்கூர்த் தமிழருக்கு அதற்குப் பதில் ‘முடியாது’ என்பது. இன்று நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் நாம் சாப்பிடும் கடையில் ரொட்டி தட்டுகிறவருக்கும் பதில் என்ன என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்; நாமும் இப்போது முதலாளிகள்.

*அடுத்த வாரம்: ஓடுவதை விட்டு நின்று பேசத் தொடங்கிய தலைமுறை. ‘தமிழ் நேசன்’ துணை ஆசிரியர் ஆர். எச். நாதனும், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், துப்பாக்கிச் சூட்டில் முடிந்த 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும்.*